வடசென்னைக்குப் புதிதாக வந்த எலக்ட்ரீஷியன், பிளம்பருக்கு வேலை எங்கிருந்து வரும்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வேலை தெரியும், டூல்ஸ் இருக்கு, வண்டி இருக்கு. ஆனா இங்க யாரையும் தெரியாது. ஆப்ல சேரலாமா, மேஸ்திரிகிட்ட போலாமா, கடையில சொல்லி வைக்கலாமா?"

சொந்த ஊரில் இந்தக் கேள்வி எழாது. இன்னார் மகன் என்றால் வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள். இங்கே பகலில் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்மணி, முகம் தெரியாத ஓர் ஆளுக்குக் கதவைத் திறக்க வேண்டும். அவர் பார்ப்பது உங்கள் திறமையை அல்ல, "இவரை யார் அனுப்பினார்கள்" என்பதைத்தான். உங்களுக்காக ஜாமீன் நிற்க இந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கடைக்காரரா, மேஸ்திரியா, ஆப்பா, மேப்பில் உள்ள நட்சத்திரங்களா, அடுக்குமாடிச் செயலாளரா என்பதுதான் இங்கே ஒப்பிடப்படுகிறது. ஒவ்வொருவரும் ஜாமீன் நிற்க ஒரு விலை கேட்கிறார்கள். அந்த விலை எப்போதும் ரூபாயில் இருப்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எத்தனை நாளில் வேலை வரும். கையில் இரண்டு மாத வாடகை இருப்பவரும் இரண்டு வார வாடகை இருப்பவரும் ஒரே வழியில் போக முடியாது.

இரண்டாவது, முன்கூட்டி என்ன செலவு. மூன்றாவது, வேலை முடிந்தபின் பணம் எப்போது கைக்கு வரும். அன்றே வரும் 400 ரூபாயும் மூன்று மாதம் கழித்து வரும் 40,000 ரூபாயும் வேறு வேறு வாழ்க்கை.

நான்காவது, அந்த வாடிக்கையாளர் யாருடையவர். அடுத்த முறை ஃபேன் நின்றால் அவர் உங்கள் எண்ணுக்குப் போன் செய்வாரா, வேறொருவருக்கா? தொழில் நிலைப்பதும் நிலைக்காததும் இதில்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக வருபவர்கள் கடைசியாக யோசிப்பதும் இதைத்தான்.

ஐந்தாவது, ஒரு மணி நேரத்துக்கு நிகரமாக என்ன நிற்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஃபேன் கெபாசிட்டர் மாற்றும் வேலை, லேபர் 250 ரூபாய். வேலை கால் மணி நேரம்தான். ஆனால் போக 25 நிமிடம், வர 25 நிமிடம், கெபாசிட்டர் கையில் இல்லாமல் கடை தேடி அலைந்தது அரை மணி. மொத்தம் 95 நிமிடம். பெட்ரோலுக்கு 30 ரூபாய் போனால் மணிக்கு ஏறத்தாழ 140 ரூபாய். அதே வேலை ஒரு கிலோமீட்டருக்குள் இருந்து, 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பையிலேயே இருந்தால் அரை மணியில் முடியும். கூலி அதேதான், மணிக்கணக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

வடசென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது. ரயில் பாதைகள் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. ரயில்வே கேட் மூடினால் அந்தப் பக்கம் போவதற்குள் ஒரு சின்ன வேலை முடிந்துவிடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் பைக் கூட நெளிய இடமிருக்காது. பெருமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிப் பாதையே அடைபடும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், தங்கியிருக்கும் இடத்திலிருந்து ரயில் பாதையைக் கடக்காமல் போகக்கூடிய மூன்று கிலோமீட்டரை முதலில் வரைந்துகொள்ளுங்கள். தண்டையார்பேட்டைக்காரருக்குப் புதுவண்ணாரப்பேட்டையும் காசிமேடும் வீட்டு வாசல். கொளத்தூர் வெளியூர்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் வேலை வர | முன்செலவு | பணம் கைக்கு வருவது | வாடிக்கையாளர் யார் கையில் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| தெருமுனை எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் கடை | ஓரிரு வாரம் | கிட்டத்தட்ட இல்லை | அன்றே | பாதி கடை, பாதி நீங்கள் | மற்றவர் தள்ளிவிட்ட வேலை, கமிஷன் எதிர்பார்ப்பு |
| மேஸ்திரி, கான்ட்ராக்டர் | சில நாள் | இல்லை | தவணை, தாமதம் | முழுக்க மேஸ்திரி | கடைசித் தவணை, திரும்பச் செய்யும் வேலை |
| ஆப், லீட் (விசாரிப்பவரின் எண்) விற்கும் தளம் | சேர்ந்த சில நாளில் | உண்டு | விரைவில், பிடித்தம் போக | தளம் | எடுபடாத லீட், ரேட்டிங், பழைய வீட்டுக்குப் பொருந்தாத விலை |
| கூகுள் மேப் பதிவு | சில மாதம் | இல்லை | அன்றே | நீங்கள் | நேரம், வெறும் விசாரிப்பு, மோசடி அழைப்பு |
| அடுக்குமாடிச் சங்கம் | மாதக்கணக்கில் | சிறிது உதிரிபாகம் | மாதம் ஒருமுறை | நீங்கள், செயலாளர் மாறும் வரை | நேரங்கெட்ட அழைப்பு |

## தெருமுனைக் கடை

ஃபேன் நின்றால் வீட்டுக்காரர் முதலில் போவது கடைக்கு. "கெபாசிட்டர் குடுங்க" என்று கேட்டு வாங்கியவர் அடுத்து கேட்பது, "மாட்ட ஆள் இருக்கா?" அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் பெயராக ஆவதுதான் இந்த வழி.

கடையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பாரிமுனையின் மொத்தக் கடைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற தொழில்காரர்கள்தான், அங்கே சொல்லிவைத்துப் பயனில்லை. குடியிருப்புத் தெருவில், காலை எட்டு மணிக்குத் திறக்கும், குழாய் வாஷரும் டெஃப்லான் டேப்பும் சில்லறையில் விற்கும் கடை வேண்டும். உங்கள் மூன்று கிலோமீட்டருக்குள் இப்படிப் பத்துப் பன்னிரண்டு கடை கிடைக்கும். காலை எட்டிலிருந்து பத்து வரையும் மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் கடையில் கூட்டம். அந்த நேரத்தில் போய் நின்றால் கார்டை வாங்கி மேசைக்கு அடியில் போட்டுவிடுவார். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் போங்கள். உங்களுக்குத் தேவையான இன்சுலேஷன் டேப்பையும் ரவுல் பிளக்கையும் அங்கேயே வாங்கியபடி பேசுங்கள்.

எல்லாக் கடைக்கும் ஏற்கெனவே மூன்று நான்கு ஆட்கள் இருப்பார்கள். "அண்ணா, எல்லா வேலையும் செய்வேன்" என்று சொல்பவரை அவர்களுக்குப் பிடிக்காது, கடைக்காரரும் பழைய ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த ஆட்கள் வராத நேரத்தைக் கேளுங்கள். "அண்ணா, பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை, ராத்திரி ஏழு மணிக்கு மேல, மழை நேரம், எப்ப கூப்பிட்டாலும் அரை மணில வந்துடுவேன்." கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காமல் வாடிக்கையாளர் திரும்பிப் போவது உண்மையான தலைவலி. அதைத் தீர்ப்பவரை அவர் மறக்க மாட்டார். கார்டில் பெயர், எண், மூன்று வேலைகள், "ஞாயிறும் உண்டு" என்ற வரி. இவ்வளவு போதும்.

இனி இதன் விலை. முதல் சில வாரங்களில் உங்களுக்கு வருவது மற்றவர்கள் தள்ளிவிட்ட வேலை: மூன்றாம் மாடி டேங்க், பாக்கி வைக்கும் வீடு, யாரோ பாதியில் விட்டுப்போன வயரிங். அதைச் செய்துதான் மேலே வர வேண்டும். ஆனால் பாக்கி வைக்கும் வீடு எது என்று கடைக்காரருக்கே தெரியும். "அந்த வீட்ல பணம் எப்படிண்ணா?" என்று போகும் முன்பே கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது கமிஷன். சில கடைகளில் பில்லில் ஒரு தொகை ஏற்றி ஆளுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதில் இறங்காதீர்கள். வீட்டுக்காரர் இன்று அந்த ஸ்விட்சின் விலையைக் கைபேசியில் பார்த்துவிடுகிறார். பத்து ரூபாய் வித்தியாசத்தில் நீங்கள் திருடர், கடை யோக்கியம் என்று ஆகிவிடும். பொருள் பட்டியலை எழுதிக் கொடுத்து, வீட்டுக்காரரையே கடையில் பணம் கட்டச் சொல்லுங்கள். கடைக்கு வியாபாரம், உங்களுக்கு லேபர், யாருக்கும் சந்தேகமில்லை.

வடசென்னையில் வாடகைக் குடித்தனங்கள் அதிகம். கூப்பிடுபவர் குடியிருப்பவர், பணம் தர வேண்டியவர் வீட்டு உரிமையாளர். இருவரும் பேசிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினால் முடிந்தபின் நடுவில் நிற்பது நீங்கள். பழுதை ஒரு போட்டோ எடுத்து, தொகையையும் எழுதி, குடியிருப்பவர் போனிலிருந்தே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள். "சரி" என்ற பதில் வந்தபின் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

கையில் பணம் குறைவாகவும் வண்டி சுமாராகவும் இருப்பவருக்கு, பழுது பார்ப்பதில் வேகமானவருக்கு, இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பேசத் தயங்குபவருக்கு மட்டும் இது கடினம்.

## மேஸ்திரியும் கான்ட்ராக்டரும்

மாதவரம், கொளத்தூர், மணலி பக்கம் வீடு எழும்பாத தெருவே இல்லை. கட்டட மேஸ்திரிக்கு எப்போதும் வயரிங், பிளம்பிங் ஆள் தேவை. நேராகச் சைட்டுக்குப் போய்க் கேட்டால் சில நாளிலேயே வேலை கிடைக்கும். பிரச்சினை வேலை கிடைப்பதில் இல்லை, பணம் முடிவதில் இருக்கிறது.

கூலி பாயின்ட் (ஒரு விளக்கு, ஃபேன் அல்லது பிளக் இணைப்பு) கணக்கில் பேசப்படும். ஒரு பாயின்ட் என்றால் என்ன என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் சண்டை நிச்சயம். இருவழி ஸ்விட்ச் போட்ட மாடிப்படி லைட் ஒரு பாயின்ட்டா, இரண்டா? ஏசிக்கு டிபியிலிருந்து (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரிக்கும் பெட்டி) தனியாக இழுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் எந்தக் கணக்கில்? மோட்டார் லைன், இன்வெர்ட்டர் லைன், எர்த் குழி தனியா, உள்ளேயா? பிளம்பருக்கும் இதேதான்: பாத்ரூமுக்கு மொத்தமாகப் பேசினால் டைவெர்ட்டர், கீசர் லைன், ஹெல்த் ஃபாசெட் எல்லாம் அதற்குள் அடங்குமா என்று பட்டியல் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி, மேஸ்திரியிடமிருந்து "ஓகே" வாங்கினாலே பாதிச் சண்டை குறையும்.

வேலை நான்கு கட்டமாக நடக்கும்: தளத்தில் பைப் போடுவது, சுவரில் காடி வெட்டி பைப்பும் பாக்ஸும் வைப்பது, வயர் இழுப்பது, ஸ்விட்ச் மாட்டி டிபி கட்டுவது. முதல் மூன்றுக்குள் பெயின்ட், டைல்ஸ் என்று மாதங்கள் ஓடிவிடும். பணத்தின் பெரும்பகுதியைக் கடைசிக் கட்டத்தில் வைத்துப் பேசுபவர் கிரகப்பிரவேசம் வரை காத்திருக்க வேண்டும். அப்போது வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் கணக்குத் தகராறு வந்தால், காய்வது உங்கள் தொகை. 30, 30, 30, 10 சதவீதம் என்று நான்கு கட்டத்துக்கும் பிரித்துப் பேசுங்கள். கடைசிப் பத்து போனாலும் உயிர் போகாது.

மறைசெலவில் பெரியது தளம் போடும் நாள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் பிவிசி பைப்பை மிதித்து நசுக்குவார்கள், ஃபேன் பாக்ஸுக்குள் சிமென்ட் பால் இறங்கி இறுகும். அன்று ஓர் ஆள் கூடவே நிற்க வேண்டும். அந்தக் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நிற்காவிட்டால், மாதங்கள் கழித்து வயர் இழுக்கும்போது பைப் அடைத்திருப்பது தெரியும். சுவரிலோ தளத்திலோ புதிதாகக் காடி வெட்டுவது உங்கள் செலவு. முன்னதாகவே பாக்ஸுக்குள் தெர்மாகோலோ காகிதமோ அடைத்து டேப் ஒட்டுங்கள். வளைவுகளில் ஜாயின்ட்டுக்கு சால்வென்ட் தடவுங்கள். முக்கியமான பைப்புகளில் ஒரு இழுகம்பியை முன்பே விட்டுவையுங்கள்.

இன்னொன்று, இந்த வீட்டுக்காரர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல. குடியேறியபின் அவர் மேஸ்திரிக்குத்தான் போன் செய்வார். வேலை முடிந்ததும் டிபி பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் எந்த எம்சிபி (தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டி, கீழே உங்கள் எண்ணையும் எழுதலாமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். பலர் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் சின்னப் பழுதுக்கு அவரை யாரும் தொந்தரவு செய்யாமல் இருப்பது அவருக்கும் நிம்மதி.

உதவியாளரோடு வந்தவருக்கும், சுவருக்குள் மறையும் கன்சீல்டு வயரிங்கில் கை தேர்ந்தவருக்கும், ஊரில் குடும்பத்துக்கு மாதம் ஒரு தொகை அனுப்பியாக வேண்டியவருக்கும் இது ஏற்றது. ஒரே நேரத்தில் ஒரே மேஸ்திரியிடம் இரண்டு சைட்டுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது சைட்டில் இறங்கும்போது முதல் சைட்டின் பாக்கியைக் கேட்கும் தைரியம் போய்விடும்.

## ஆப்பும் லீட் தளங்களும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், இரண்டும் வேறு. அர்பன் கம்பெனி போன்ற ஆப் தானே விலை வைத்து, வேலையை உங்களுக்கு ஒதுக்கி, தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஜஸ்ட்டயல், சுலேகா போன்ற தளங்கள் விசாரிப்பவரின் எண்ணைத் தரும். பேசி வேலையாக்குவது உங்கள் பாடு.

லீட் வாங்குபவர் போட வேண்டிய கணக்கு எளிது. 3,000 ரூபாய் கட்டி 20 எண் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே எண் வேறு சிலருக்கும் போயிருக்கலாம், ஆகவே ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிடாதவர் தோற்றார். பேசியதில் நான்கு வேலையானால், ஒரு வேலையைப் பிடித்த செலவு 750 ரூபாய். ஃபேன் மாட்டும் வேலைக்கு அது நஷ்டம். வீடு முழுக்க ரீவயரிங், பாத்ரூம் மாற்றி அமைப்பது, ஏசி பொருத்துவது போன்ற பெரிய வேலைக்கு அது ஒரு செலவே இல்லை. எனவே லீட் வாங்கினால் பெரிய வேலைப் பிரிவில் மட்டும் வாங்குங்கள், ஆண்டுச் சந்தாவை முதல் முறையே கட்டாதீர்கள்.

ஆப்பில் சேர்ந்தால் பயிற்சி, உடை, குறிப்பிட்ட கருவிகள் என்று முதலில் செலவு இருக்கலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சேரும் நாளில் இந்த நான்கையும் எழுத்தில் பாருங்கள்: பிடித்தம் எவ்வளவு, ரத்து செய்தால் அபராதம் எவ்வளவு, ரேட்டிங் எதற்குக் கீழே போனால் வேலை நிற்கும், உங்கள் பின்கோடில் ஆர்டர் எத்தனை வருகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் தயங்குங்கள். ராயபுரத்தில் இருப்பவருக்கு அண்ணா நகர் ஆர்டராகவே விழுந்தால், மேலே போட்ட மணிக்கணக்கு உடைந்துபோகும்.

வடசென்னைக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நிலையான விலைப்பட்டியல் கொளத்தூரின் புது ஃபிளாட்டுக்குப் பொருந்தும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கப் பழைய வீடுகளில் மரச் சட்டத்தில் ஓடும் வயரும், எர்த் இல்லாத லைனும் இன்றும் கிடக்கின்றன. ஸ்விட்ச் போர்டு மாற்றுவதற்கு என்று வந்த ஆர்டரில் போர்டைத் திறந்தவுடன் காய்ந்த இன்சுலேஷன் உதிரும். ஒரு மணி வேலை மூன்று மணியாகும், விலை மாறாது. கடலோரத் தெருக்களில் உப்புக் காற்றால் ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை உடையும், குழாய் ஜாயின்ட் கழலாது. அங்கே நேரில் பார்த்து விலை சொல்வதே முறை.

ஏசி மெக்கானிக்குக்கு ஆப் நியாயமான வழி, முக்கியமாக மார்ச்சிலிருந்து ஜூன் வரை. ஒரே மாதிரி சர்வீஸ் வேலை வரிசையாக வரும். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் அதை மட்டுமே நம்பி ஊர் மாறுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். ஒரு வருடம் கழித்து ஆப் நின்றால், கையில் ஒரு வாடிக்கையாளர் எண் கூட இருக்காது.

## கூகுள் மேப்

"பக்கத்தில் எலக்ட்ரீஷியன்" என்று தேடுபவருக்கு உங்கள் பெயர் தெரிய, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கடை இல்லாமல் வாடகை அறையில் இருப்பவரும் செய்யலாம். முகவரியை மறைத்து, வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. இருபது பகுதி வரை சேர்க்கலாம் என்பதற்காக இருபதும் சேர்க்காதீர்கள். தாம்பரத்திலிருந்து வரும் அழைப்பை மறுத்து மறுத்தே பொழுது போகும். ஐந்தாறு போதும்.

பெயரில் "பெரம்பூர் நம்பர் ஒன் எலக்ட்ரீஷியன்" என்றெல்லாம் திணித்தால் பதிவு முடக்கப்படலாம். கார்டில் உள்ள அதே பெயரைக் கொடுங்கள். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கும். தெருப் பெயர்ப்பலகை, வண்டி, கருவிப் பை, தொழில் பெயர் உள்ள ஒரு ஆவணம் இவை எல்லாம் வெட்டாத ஒரே வீடியோவில் வர வேண்டும். ஆவணத்துக்கு உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று உதவும். அரசு தளத்தில் அதற்குப் பணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசு தளம் அல்ல.

மேப்பில் ஜாமீன் நிற்பவை ரிவ்யூக்கள். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது, சொந்தக்காரர்களை எழுதச் சொல்வது வாசிப்பவருக்கே தெரிந்துவிடும். வேலை முடிந்து பணம் வாங்கும்போது இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "என்ன வேலை, எந்தத் தெரு என்று ஒரு வரி எழுதுங்கக்கா" என்று கேளுங்கள். "சூப்பர்" என்ற பத்து ரிவ்யூவை விட, "கொடுங்கையூரில் சம்ப் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை, ஃபுட் வால்வ் மாற்றி அரை மணியில் சரி செய்தார்" என்ற ஒன்று அதிகம் வேலை செய்யும்.

மாதங்கள் ஆகும் என்பதுதான் குறை. அதனால்தான் இதை முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும், ஆனால் இதை நம்பி உட்காரக் கூடாது. விலை மட்டும் கேட்டுவிட்டு வைப்பவர்கள் நிறைய வருவார்கள். ஏணி மேல் இருக்கும்போது போனை எடுக்கவே எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் "வேலையில் இருக்கிறேன், பழுதின் போட்டோவும் தெருவும் அனுப்புங்கள், அரை மணியில் கூப்பிடுகிறேன்" என்று தானாகப் போகும் செய்தியை வைத்துவிட்டால் பாதி அழைப்புகள் அதிலேயே வடிகட்டப்படும்.

எண் பொதுவில் வந்ததும் மோசடியும் வரும். ராணுவ முகாமில் வேலை, அட்வான்ஸ் அனுப்புகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பது நாடு முழுக்கப் பழகிய தந்திரம். பணம் வாங்க ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை, அவை பணம் அனுப்ப மட்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், முதலிடம் தருகிறோம்" என்று ஓடிபி கேட்பவர்களிடமும் போனை வைத்துவிடுவதே பதில்.

## அடுக்குமாடிச் சங்கங்கள்

பெரம்பூர், கொளத்தூர், மாதவரத்தில் எட்டு முதல் முப்பது வீடு வரை உள்ள அடுக்குமாடிகள் ஏராளம். பொது மோட்டார், மாடிப்படி விளக்கு, டேங்க் இவற்றைக் கவனிக்க மாதம் ஒரு தொகைக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள். அந்தத் தொகை சிறியதுதான். உண்மையான வருமானம், அந்தப் பெயரை வைத்து உள்ளே இருக்கும் வீடுகளிலிருந்து வரும் வேலை. வண்டியை நிறுத்திவிட்டு ஒரே கட்டடத்தில் மூன்று வேலை முடிக்கலாம்.

நேராகப் போய்ச் செயலாளரைக் கேட்டால் கிடைப்பது அரிது. ஒரு வீட்டில் நல்ல வேலை செய்து, அந்த வீட்டுக்காரர் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போட்டபின் தானாக வரும். வாட்ச்மேனின் நட்பும் தேவை.

ஒப்பந்தத்தில் எது உள்ளே, எது வெளியே என்று எழுதுங்கள். மாதம் இருமுறை பேனல் போர்டு பார்ப்பது, டேங்க் ஃப்ளோட் பார்ப்பது, பொது விளக்கு மாற்றுவது உள்ளே. உதிரிபாகம், மோட்டாரை மேலே தூக்குவது, ரீவைண்டிங் வெளியே. இரவு பத்துக்கு மேல் வந்தால் தனிக் கட்டணம். காலை ஆறு மணிக்கு மோட்டார் நின்றால் இருபது வீடும் உங்களைத்தான் திட்டும், அந்த நேரத்தில் கடையும் திறந்திருக்காது. அந்த மோட்டாருக்குரிய ஸ்டார்ட், ரன் கெபாசிட்டர்களையும் ஸ்டார்ட்டருக்கான ஒரு கான்டாக்டரையும் முன்பே வாங்கி வைக்க வேண்டும். முன்செலவு என்றால் இதுதான். செயலாளர் மாறினால் ஆளும் மாறும், அதையும் எதிர்பார்த்திருங்கள். குறைந்தது ஆறு மாதம் இந்தப் பகுதியில் இருந்து, இரவிலும் வர முடிந்தவருக்கு மட்டும் இது.

## நோட்டீஸ் பற்றி ஒரு வார்த்தை

சுவரிலும் ஈபி கம்பத்திலும் ஒட்டுவது 1959ஆம் ஆண்டின் பொது இட அலங்கோலத் தடுப்புச் சட்டப்படி தவறு, எண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். வேலை செய்த வீட்டில், அனுமதி கேட்டு, மோட்டார் ஸ்டார்ட்டரின் மேலோ மெயின் வால்வ் பக்கத்திலோ ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் மட்டும் போதும். பழுது வந்தவுடன் கண் போகும் இடம் அதுதான்.

## எந்த வழியானாலும் தேவைப்படும் காகிதங்கள்

வயர்மேன் தகுதிச் சான்றை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. புது இணைப்புக்கான பணிமுடிவு அறிக்கையில் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் கையெழுத்திட வேண்டும். அந்த உரிமம் இல்லாதவர் "ஈபி வேலையும் நானே முடிச்சுத் தரேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மீட்டர் சீலையும் அதற்கு முன்னுள்ள லைனையும் தொடவே வேண்டாம். தனிநபர் சரிபார்ப்புச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அடுக்குமாடிச் செயலாளரிடம் அந்தத் தாள் நிறையப் பேசும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் பதிவு செய்துகொள்ளலாம். வேலை தேடித் தராது, விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு ஆதரவாக இருக்கும்.

## உங்கள் நிலைக்கு எது

கையில் இரண்டு வாரச் செலவுக்குத்தான் பணம் என்றால், வாரத்தில் நான்கு நாள் மேஸ்திரி, மீதி நாளும் மாலையும் கடைகள். மேஸ்திரியிடம் ஆறு நாளையும் விற்றுவிட்டால் கடைக்காரர் கூப்பிடும்போது போக முடியாது, இரண்டு முறை வராதவரை அவர் மூன்றாம் முறை கூப்பிட மாட்டார்.

இரண்டு மாதம் தாங்கும் என்றால், கடைகள் பத்தும் கூகுள் பதிவும் ஒரே வாரத்தில். மேஸ்திரி வேண்டாம். ஏசி தெரிந்தவர் கோடையில் வருகிறார் என்றால் ஆப்பை நான்கு மாதத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதும் கணக்கில் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் இருக்காது, வீடு மாறுவதும் குறைவு. மேஸ்திரி வழி அப்போது மந்தம். ஆவணி, தை மாதங்களில் ஃபேன், கீசர் கழற்றி மாட்டும் வேலையே நாளை நிரப்பும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் சம்ப் மோட்டார் மூழ்கும், சுவர் ஊறி லீக்கேஜ் வரும், எம்சிபி விழும். தாழ்வான தெருக்களுள்ள கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் கூப்பிட்டவுடன் வருபவர் ஒரே மழைக்காலத்தில் பெயர் வாங்கிவிடலாம். செப்டம்பரில் வந்து கடைகளில் சொல்லிவைப்பவருக்கு அந்த மூன்று மாதம் பெரிய உதவி. மழை நாளில் மட்டும் ஒரு விதி: தண்ணீர் நிற்கும் வீட்டில் மெயினை அணைத்து, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்தபின் கை வையுங்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தெரு, வேலை, வாங்கிய லேபர், போக வரச் சேர்த்து ஆன மணி, யார் சொல்லி வந்தது என்று ஆறு கட்டம். மூன்று மாதம் கழித்து "யார் சொல்லி வந்தது" என்ற கட்டத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொரு வழிக்கும் மணிக்கு எவ்வளவு நின்றது, எத்தனை பேர் மறுமுறை நேராக உங்களையே கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். இரண்டிலும் கடைசியில் நிற்கும் வழியை விட்டுவிடலாம். அது மேஸ்திரி என்றால் நடந்துகொண்டிருக்கும் சைட்டை முடித்துப் பாக்கியை வாங்கிய பிறகு, லீட் தளம் என்றால் கட்டிய பணம் தீர்ந்த பிறகு, கடை என்றால் கடைக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டு.